கடிய ஒளியும் மெல்லிய ஒளியும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பாட்டியின் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது என் கையாலேயே எடுத்த படம் அது. இரவலாக வாங்கி வந்த காமிராவின் தலையில் பிளாஷ் விளக்கைப் பொருத்தினேன். காமிராவை நெட்டுவாக்கில் பிடித்துக்கொண்டேன். சுவரோரமாக முக்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், "இங்கே பாருங்க, பாட்டி" என்று சொல்லி விசையை அழுத்தினேன். பளிச்சென்று ஒரு மின்னல்; அவ்வளவுதான்.

படம் கழுவி வந்தபோது நான் திடுக்கிட்டுப் போனேன். நெற்றியில் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. மூக்கின் ஒரு பக்கத்தில் கத்தியால் கீறினாற்போல ஒரு கரிய கோடு. பின்னால் இருந்த சுவரில், கரியால் வரைந்து வைத்ததுபோல ஒரு முரட்டு நிழல். படத்தைப் பார்ப்பவர்கள் இன்றும், "உங்கள் பாட்டி மிகவும் கண்டிப்பானவரோ?" என்று கேட்கிறார்கள். அவரோ எங்களை ஒரு நாளும் கடிந்து பேசியறியாதவர். படத்தில் தெரிகின்ற கடுமையெல்லாம் நான் பயன்படுத்திய விளக்கின் கடுமை. அடுத்த தை மாதம் அவர் காலமாகிவிட்டார். அவருடைய வேறு படம் எங்களிடம் இல்லை.

ஒரு வெள்ளைத் தாளும் ஒரு ரப்பர் வளையமும் அன்று என் கையில் இருந்து, அவற்றைப் பயன்படுத்தும் வகையும் தெரிந்திருந்தால், அந்தப் படம் வேறு விதமாக அமைந்திருக்கும். அந்த வகையைத்தான் மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் எளிய சோதனையைச் செய்து பாருங்கள். நல்ல வெயிலில் ஒரு வெள்ளைத் தாளைச் சூரியனுக்கு நேரே சாய்த்து வையுங்கள். அதற்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் பென்சிலைப் பிடியுங்கள். நிழல் கூர்மையாக, ஓரம் தெளிவாக விழும். இனிப் பென்சிலை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். நிழலின் ஓரம் கலங்கத் தொடங்கும். நடுவிலுள்ள கருமை ஒடுங்கிக்கொண்டே போகும். ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயரம் சென்றதும் கருமை முற்றிலும் மறைந்து, மங்கலான சாம்பல் நிறக் கறை ஒன்றே எஞ்சும். கருமையான உட்பகுதியைக் கருநிழல் என்றும், அதைச் சுற்றிலும் கலங்கித் தெரிவதைப் புறநிழல் என்றும் பாடத்தில் படித்திருப்பீர்கள். கிரகணத்தைப் பற்றிய பாடத்தில் வரும் அதே சொற்கள்தாம் இவை.

ஏன் இப்படி நேர்கிறது? சூரியன் ஒரு புள்ளியாக இருந்தால் நிழலின் ஓரம் எந்த உயரத்திலும் கூர்மையாகவே இருக்கும். சூரியனுக்கு அகலம் உண்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் அது 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், நம் கண்ணுக்கு அரைப் பாகைக் கோண அளவே தெரிகிறது. பென்சில் சூரியனின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் இடத்தில் புறநிழல் உண்டாகிறது. ஆகவே, நிழலின் ஓரம் கூர்மையாக இருப்பதும் மென்மையாக இருப்பதும், ஒளி தரும் பொருள் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தவை. இன்றைய பேச்சின் உயிர்நாடி இந்த ஒரு வாக்கியந்தான்.

மேகம் மூடிய நாளில் வெளியே வந்து பாருங்கள். பென்சிலுக்கு நிழலே இராது. சூரியன் மறைந்துவிட்டதால் நேர்ந்ததன்று இது. சூரிய ஒளி மேகத்தில் உள்ள நீர்த்திவலைகளில் பட்டுச் சிதறுகிறது; அதனால் வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடுகிறது. முகத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒளி வந்து படிகிறது. மேகமூட்டமான நாளில் எடுத்த முகப் படங்கள் இதமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இப்போது பிளாஷ் விளக்கிற்கு வருவோம். அதன் முகப்பு ஏறத்தாழ 6 அல்லது 7 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 2 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது சுமார் 2 பாகைதான். காமிராவுக்குள்ளேயே அமைந்த சிறு விளக்கு இதனினும் சிறியது. கைப்பேசியில் உள்ள விளக்கோ சில மில்லிமீட்டர் அளவினது. அதாவது, உச்சிவெயிலின் கடுமைக்கு நெருங்கிய கடுமையை நாமே கையில் எடுத்துச் சென்று, இருட்டிய வீட்டுக்குள் ஒருவர் முகத்தின்மேல் பாய்ச்சுகிறோம்.

கடுமையோடு வேறு சில குறைகளும் சேர்ந்துகொள்கின்றன. விளக்கு லென்ஸின் பக்கத்திலேயே இருப்பதால் ஒளி நேர் எதிரிலிருந்து பாய்கிறது. கன்னத்தின் வளைவும் கண்குழியின் ஆழமும் தெரியாமல் முகம் தட்டையாகிவிடுகிறது. மங்கிய இடத்தில் விரிந்திருக்கும் கண்ணின் பாவைக்குள் அந்த ஒளி நேராகப் புகுந்து, குருதி நிறைந்த உட்புறத்தில் பட்டுத் திரும்பி லென்ஸுக்கே வந்து சேர்வதால் கண் சிவந்து தெரிகிறது. இன்னொன்று தொலைவினால் வருவது. விளக்கிலிருந்து தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். பள்ளியில் எடுக்கும் குழுப் படத்தில் முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் இருந்தால், முன்னால் அமர்ந்தவர் வெளுத்தும் பின்னால் நிற்பவர் இருண்டும் தோன்றுவது இதனால்தான்.

நம் நாட்டு வெப்பத்தில் கவனிக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. வியர்வையோ எண்ணெயோ படிந்த தோல், சிறு கண்ணாடியைப் போல விளக்கின் பிம்பத்தைத் திருப்பிக் காட்டும். விளக்கு சிறியதானால் அந்தப் பிம்பம் கண்ணைக் கூசச் செய்யும் வெள்ளைத் திட்டாகும். கறுத்த மேனியில் அத்திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். அதே ஒளி அகன்ற பரப்பிலிருந்து வந்தால் பிம்பமும் பரந்து மங்கி, தோலின் இயற்கையான பளபளப்பாக அமைந்துவிடும். "எனக்குப் படம் நன்றாக விழாது" என்று சொல்லிக் கூச்சத்தோடு ஒதுங்கும் நண்பர்கள் உங்களிடையே இருப்பார்கள். அவர்களுடைய முகத்தில் குறை இல்லை. அவர்களைப் படமெடுத்தவரின் விளக்கு சிறியதாக இருந்தது என்பதே செய்தி.

இந்தச் சிக்கல் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் புகைப்பட நிலையங்களில் வடக்கு நோக்கிய பெரிய கண்ணாடிச் சாளரங்களை அமைத்து, வெள்ளைத் துணித் திரைகளை இழுத்து ஒளியைப் பதப்படுத்தினார்கள். 1887ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, யோஹான்னஸ் கேடிக்கே என்னும் இருவர், மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டு முதலியவற்றைக் கலந்து ஒரு நொடியில் எரியும் மின்னல் பொடியை உண்டாக்கினர். நியூயார்க் நகரின் இருண்ட சேரிகளில் மக்கள் படும் துயரத்தை ஜேக்கப் ரீஸ் என்னும் பத்திரிகையாளர் இந்தப் பொடியைக் கொண்டே படமெடுத்து, 1890இல் நூலாக வெளியிட்டார். பொடியைக் கொளுத்தும்போது தாம் புகுந்த வீட்டில் தீப்பற்றிய கதையையும் அவரே எழுதியிருக்கிறார். 1920களின் இறுதியில் பொடிக்குப் பதிலாகக் கண்ணாடிக் குமிழ் விளக்குகள் வந்தன. 1930களில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி, நொடியில் மிகச் சிறிய பங்கே நீடிக்கும் மின்னலை உண்டாக்கும் முறையை வளர்த்தார். இன்று நம் கையில் உள்ள பிளாஷ் விளக்கு அந்த வழியில் வந்ததே. தீயின் அச்சம் தீர்ந்தது. நிழலின் கடுமை தீரவில்லை.

அதைத் தீர்ப்பதற்கு விளக்கின் முன்னால் வைக்கும் மெல்லிய திரையை டிப்யூசர் என்பார்கள். நாம் அதை ஒளித்திரை என்று அழைப்போம். கடையில் விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் வீட்டில் உள்ள பொருள்களே போதும்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே களைந்துவிட வேண்டும். பலர் டிரேசிங் தாளில் ஒரு துண்டைக் கத்தரித்து விளக்கின் முகப்பிலேயே ஒட்டிவிட்டு, ஒளி மென்மையாகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். சற்றே சிந்தித்துப் பாருங்கள். தாளை ஒட்டுவதற்கு முன் ஒளி தந்த பரப்பு 6 சென்டிமீட்டர் அகலம். ஒட்டிய பின்னும் அதே 6 சென்டிமீட்டர்தான். வெட்டவெளியில் இப்படி எடுத்த படத்தில் நிழல் முன்போலவே கூர்மையாக இருக்கும். ஒளி குறைந்ததுதான் மிச்சம். வீட்டுக்குள் மட்டும் சிறிது நன்மை உண்டு. தாளில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறி, கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து நிழலை ஓரளவு நிரப்பும். அந்த நன்மையைத் தந்தது சுவர், தாள் தரவில்லை.

நிழலின் ஓரம் எவ்வளவு அகலமாகக் கலங்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். விளக்கின் அகலத்தை, ஆளுக்கும் சுவருக்கும் உள்ள தொலைவால் பெருக்கி, விளக்குக்கும் ஆளுக்கும் உள்ள தொலைவால் வகுத்தால் போதும். விளக்கு 6 சென்டிமீட்டர், ஆள் 2 மீட்டர் தொலைவில், சுவர் அவருக்குப் பின்னால் அரை மீட்டரில் என்று கொள்வோம். விடை ஒன்றரை சென்டிமீட்டர். விளக்கை 20 சென்டிமீட்டர் அகலமாக்கினால் 5 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் அகலமாக்கினால் 25 சென்டிமீட்டர். அப்போது நிழல் சுவரில் கரைந்தே போகும். விளக்கை அகலமாக்கு என்பதுதான் விதி. அதைச் செய்யும் சில வழிகளைக் காண்போம்.

முதல் வழிக்குக் காசு செலவில்லை. மேலே திருப்பக்கூடிய விளக்கானால் அதை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். 3 மீட்டர் உயரமுள்ள கூரையில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து செல்லும் ஒளி, ஒன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்துக்குப் பரவும். அந்தப் பெரிய வட்டமே இப்போது உங்கள் விளக்கு. நேர் மேலே மட்டும் திருப்ப வேண்டாம். ஒளி உச்சந்தலையிலிருந்து இறங்கினால் கண்குழிகள் இருண்டுவிடும். சற்றே முன்னோக்கியோ பின்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்த்து, ஒளி சாய்வாக வந்து முகத்தில் படும்படி செய்யுங்கள். கூரைக்குச் சென்று திரும்பும் ஒளியில் நான்கில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான் முகத்தை அடையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் என்ன நிறமோ அந்த நிறம் முகத்திலும் ஏறும். நம் வீடுகளில் பச்சை, நீலச் சுவர்கள் மிகுதி. பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியில் மணப்பெண்ணின் முகமும் பசலை படர்ந்ததுபோலத் தோன்றும்.

இரண்டாவது வழி, ஒரு வெள்ளை அட்டை. திருமண அழைப்பிதழின் பின்பக்கம் போன்ற கெட்டியான வெள்ளை அட்டையில் 20 சென்டிமீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டை வெட்டுங்கள். விளக்கை மேல்நோக்கித் திருப்பி, அதன் பின்புறத்தில் அட்டையை ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். அட்டையின் மேற்பாகத்தைச் சற்று முன்பக்கமாக வளைத்துவிடுங்கள். ஒளியின் ஒரு பகுதி கூரைக்குச் செல்லும். ஒரு பகுதி அட்டையில் பட்டு நேராக முகத்துக்கு வரும். கூரையிலிருந்து வரும் ஒளி முகத்தைத் தழுவ, அட்டையிலிருந்து வரும் ஒளி கண்ணில் ஒரு சிறு மின்னும் புள்ளியை வைக்கும். அந்தப் புள்ளி இல்லாத கண் உயிரற்றதாகத் தோன்றும்.

மூன்றாவது, சட்டத்தில் கட்டிய ஒளித்திரை. காமிராவின் விளக்கைத் திருப்ப இயலாதவர்களுக்கு இது உதவும். ஓர் அட்டைப் பெட்டியின் அடிப்புறத்தில் 20 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சாளரம் வெட்டுங்கள். அதன்மேல் டிரேசிங் தாளையோ, இனிப்புக் கடைகளில் பயன்படும் பட்டர் பேப்பரையோ சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். பெட்டியின் உட்புறம் வெள்ளையாக இருக்கட்டும். இல்லையேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிடுங்கள். எதிர்ப்புறத்தில் விளக்கின் முகப்பு நுழையும் அளவுக்குத் துளை செய்யுங்கள். விளக்குக்கும் தாளுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒளி விரிந்து தாள் முழுவதையும் நிரப்புவதற்கு இந்த இடைவெளியே காரணம். தாளை நெருக்கி வைத்தால் நடுவில் சிறிது இடம் மட்டுமே ஒளிரும். அகலமான தாளை வைத்தும் பயனிராது. பெட்டி லென்ஸை மறைக்காதபடியும், காமிராவில் ஒளியை உணரும் சிறு கண்களை மூடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வழி எனக்கு மிகவும் பிடித்தது, அதுதான் வேட்டி. ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் மேலே பார்த்தால் இருட்டுத்தான். ஒளியைத் திருப்பி அனுப்ப வெள்ளைக் கூரை இல்லை. அங்கே கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, படமெடுக்க வேண்டியவருக்குப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். விளக்கை வேட்டியை நோக்கித் திருப்புங்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள வெள்ளைப் பரப்பு ஒளிர்ந்து, சாளரத்தின் அருகே அமர்ந்திருப்பவர் முகத்தில் படிவதுபோன்ற ஒளி அவர் முகத்தில் படியும். முகத்தின் ஒரு பக்கம் சற்று ஒளிர்ந்தும் மறுபக்கம் சற்று மங்கியும் இருப்பதால், தட்டையாகத் தெரிந்த முகம் உருண்டு திரண்டு உயிர் பெறும். அதிகமாக நீலம் போட்டு வெளுத்த வேட்டி மட்டும் வேண்டாம். அந்த நீலத்தில் சிறிது முகத்திலும் ஏறும்.

கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. படமெடுக்கும் கைப்பேசியின் விளக்கை அணைத்துவிடுங்கள். நண்பர் ஒருவர் மற்றொரு கைப்பேசியின் டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து பட்டர் பேப்பர்ச் சட்டத்தின் வழியே காட்டட்டும். ஒளி குறைவாகவே இருக்கும். ஆகவே கைப்பேசியைச் சுவரிலோ புத்தக அடுக்கிலோ சாய்த்து அசையாமல் நிறுத்துங்கள்.

மென்மைக்கு நாம் கொடுக்கும் விலை ஒளிக்குறைவு. அதையும் கணக்கிட முடியும். ஒவ்வொரு பிளாஷ் விளக்குக்கும் வழிகாட்டி எண் என்று ஒன்று உண்டு. அதைத் தொலைவால் வகுத்தால் லென்ஸின் திறப்பு எண் கிடைக்கும். வழிகாட்டி எண் 32, தொலைவு 4 மீட்டர் என்றால் திறப்பு எண் 8. ஒளித்திரை ஒளியைப் பாதியாக்கினால் திறப்பு எண்ணை 5.6 ஆக்க வேண்டும்; நான்கில் ஒரு பங்காக்கினால் 4 ஆக்க வேண்டும். எண் சிறியதானால் திறப்பு பெரியது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒளியைத் தானே அளக்கும் இக்காலக் காமிராக்கள் இக்கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளும். ஆயினும் விளக்கின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. எல்லையைத் தாண்டும்போது ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துங்கள், அல்லது ஆளை நெருங்கி நில்லுங்கள். நெருங்கினால் ஒளித்திரையும் அகன்று தெரியும், மென்மையும் கூடும்.

இரண்டு எச்சரிக்கைகள். விளக்கு ஒளிரும்போது வெப்பமும் வெளிப்படுகிறது; தாளையோ துணியையோ முகப்பில் அழுத்தி வைத்து அடுத்தடுத்துப் படமெடுத்தால் அது கருகலாம். பழுதான பிளாஷ் விளக்கைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதன் உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. பாட்டரியைக் கழற்றிய பின்னும் அது அதிர்ச்சி தரக்கூடும்.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு கொலுப் பொம்மையைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் வையுங்கள். காமிராவை இடம் மாற்றாமல் நான்கு படங்கள் எடுங்கள். முதலில் வெறும் விளக்கு; அடுத்து முகப்பில் ஒட்டிய தாள்; மூன்றாவது 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்த ஒளித்திரை; நான்காவது கூரை அல்லது வேட்டி. பொம்மையின் மூக்கு நிழலையும் சுவர் நிழலையும் அளவுகோல் கொண்டு அளந்து எழுதுங்கள். முதற் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் வேறுபாடு எவ்வளவு குறைவு என்பதையும், மூன்றாம் படத்தில் அது எப்படித் தாவுகிறது என்பதையும் உங்கள் கண்ணே சொல்லும்.

மெல்லிய ஒளியே எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. தேய்ந்துபோன கல்வெட்டைப் படமெடுக்கச் சென்றால் நமக்கு வேண்டியது கடிய ஒளிதான். விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, கண்ணுக்குத் தெரியாதிருந்த வரிகள் எழுந்து நிற்கும். கல்லில் நாம் தேடுவது பள்ளத்தை. முகத்தில் தேடுவது அதை உடையவரை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ஒளியைத் தேர்ந்தெடுப்பதே அறிவு.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். அவரைப் படமெடுக்க வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருப்பீர்கள். இந்த விடுமுறையில் கொடிக்கயிற்றில் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டு, அவரை அதன் அருகே உட்காரச் செய்யுங்கள். ஒரு படத்தோடு நின்றுவிடாதீர்கள். அவர் பேசும்போதும் சிரிக்கும்போதும் எடுங்கள். அவர் உங்களைப் பார்க்கும் அந்தப் பார்வை படத்தில் விழுந்துவிட்டதா என்று பாருங்கள். விழும்வரை எடுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் கிடைத்தது.